ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொல்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல், கார் நிறுத்தும் இடத்தில்தான் பொங்கும். இந்த வருஷம் கோலப்போட்டி, உறியடி எல்லாம் முடிந்த பிறகு, புதிதாக வினாடி வினா வைத்தார் சங்கச் செயலாளர். தலைப்பு, ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள். மைக்கைப் பிடித்தால் விடாத மனிதர், ஆனால் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்.

கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, மிளகுத்தண்ணி வெள்ளைக்காரன் வாயில் மல்லிகட்டானி ஆனது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஊரையே ஆண்ட வெள்ளைக்காரனுக்கு நாம் சொல் கொடுத்திருக்கிறோம் என்பதில் எனக்கும் பெருமைதான். நானும் தட்டினேன்.

"அடுத்தது, பரையா. இங்கிலீஷ் பேப்பர்ல அடிக்கடி வரும். எல்லாரும் ஒதுக்கி வெச்ச ஆளுன்னு அர்த்தம். எந்தத் தமிழ் வார்த்தையிலேர்ந்து போச்சு?"

அது எங்கள் சாதியின் பெயர். பறை அடித்ததால் வந்த பெயர். 'ஒதுக்கப்பட்டவன்' என்ற அர்த்தத்தை வெள்ளைக்காரன் கற்பனை செய்யவில்லை, இங்கே பார்த்ததைத்தான் எழுதிக்கொண்டான்.

இந்தக் குடியிருப்பில் நாங்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. "ஊர்ல எந்தத் தெரு சார்?" என்று கேட்டால், "திருவள்ளூர் பக்கம்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பொத்தானை அழுத்துவேன். மாட்டுக்கறி பிரியாணியைப் பூந்தமல்லிக் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு, பீடா போட்டுக்கொண்டு வருவேன். கேட்காதவர்களிடமும் போய், "வெள்ளிக்கிழமைன்னா நாங்க கவுச்சி தொடமாட்டோம்" என்பேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். என் பெண்ணிடம் மட்டும் எல்லாம் சொல்லியிருந்தேன். வெளியே சொல்லாதே என்றும் சொல்லியிருந்தேன்.

விடை தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒன்பதாவது படிக்கும் என் பெண் எழுந்தாள்.

"பறையர். பறை அடிக்கிறவங்கன்றதால வந்த பேரு."

"கரெக்ட்மா. உனக்கு எப்படித் தெரியும்?"

செயலாளர் வெள்ளந்தியாகத்தான் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் பயமே இல்லை, சொல்லட்டுமா என்று அனுமதிதான் கேட்டாள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். கண்ணாலேயே வேண்டாம் என்றேன்.

"ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க அங்கிள்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. "பொண்ணு இன்னா வெவரமா கீது சார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் என் தோளில் தட்டினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பெற்ற பெண் தைரியமாக எழுந்து நின்றாள், நான் அவளைப் பொய்க்காரியாக்கி உட்கார வைத்தேன்.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை.

"அடுத்த வருஷம் நீ கீழ வராதப்பா," என்றாள். "நீ இருந்தா நான் பொய் சொல்லிடுறேன்."