சிவந்துபோன வால்வு

என் அண்ணன் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பல வருடங்களாகக் கிட்டார் வாசிக்கிறார். கிட்டார் ஒலியைப் பெருக்கும் அவருடைய ஆம்ப் பழைய மாடல். அந்தக் கால ரேடியோவில் இருந்ததுபோல உள்ளே கண்ணாடி வால்வுகள் நிற்கும். பின்வரிசையில் இருக்கும் இரண்டு பெரிய வால்வுகள்தான் ஸ்பீக்கருக்குத் தெம்பு கொடுப்பவை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய வாரம் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. கால் மணி நேரம் நன்றாகப் பாடும். பிறகு ‘ம்ம்’ என்ற இரைச்சல் ஏறும், ஜலதோஷம் பிடித்தவன் குரல் மாதிரி ஒலி கம்மும், கடைசியில் ஃபியூஸ் போய்விடும். ரிப்பேருக்குக் கொண்டுபோன முதல் கடைக்காரர் ஃபியூஸை மட்டும் மாற்றித் தந்தார். இரண்டாமவர், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது, வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை அண்ணன் ஆம்பைத் தூக்கிக்கொண்டு ஜீவனஹள்ளியில் என் வீட்டுக்கு வந்தார். சரிசெய்யக் கேட்டு வரவில்லை. மறுநாள் பண்டிகை, மனம் ஆறவில்லை, யாரிடமாவது புலம்ப வேண்டும்.

நான் பொம்மனஹள்ளியில் யு.பி.எஸ். தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக சர்க்யூட் போர்டுகளை டெஸ்ட் செய்கிறேன். வேலை செய்யாத போர்டு என் மேசைக்கு வரும். எங்கே கோளாறு என்று நான் சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கேட்டதில்லை. ‘ஃபேக்டரி வேலை’ என்பதோடு சரி.

திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“நீ பாக்கறது சின்ன சின்ன போர்டும்மா. இதுல நானூறு வோல்ட் ஓடுது. சும்னே கைய வெக்காத” என்றார்.

என் மேசையில் தினமும் ஓடுவதும் கிட்டத்தட்ட அதே நானூறுதான் என்று சொன்னேன். “சரி, ஜாக்கிரதை” என்று ஆம்பை என் பக்கம் நகர்த்தினார்.

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தால் கால் மணி நேரம் நன்றாகப் பாடாது. சூடேறிய பிறகு ஏதோ ஒன்று கெடுகிறது என்று எனக்குப் பட்டது. வால்வுகளை எப்போது மாற்றினார் என்று விசாரித்தேன். மூன்று மாதம்தான் ஆகிறதாம், இரண்டும் புதிது, அதில் தப்பே இருக்காது என்றார். கடைக்காரர்களிடமும் இதையே சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவர்கள் வால்வுப் பக்கமே போகவில்லை.

பின்பலகையைக் கழற்றி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஆம்பின் ஸ்விட்சைப் போட்டேன். யாரும் வாசிக்கவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு வால்வுக்குள்ளும் சின்ன ஆரஞ்சு வெளிச்சம், அது இருக்க வேண்டியதுதான். பன்னிரண்டாவது நிமிடம், இடப்பக்க வால்வுக்குள் இருந்த சாம்பல்நிறத் தகட்டில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அடுப்பில் வைத்த கம்பி மாதிரி அது பரவியது. இரைச்சலும் கூடவே ஏறியது. உடனே அணைத்தேன்.

“அப்ப வால்வுதானா?”

இன்னும் சொல்ல முடியாது என்றேன். வால்வு கெட்டிருக்கலாம், அல்லது அந்த இடத்துக்கு மின்சாரம் தப்பாக வரலாம். ஆறும்வரை காபி குடித்தோம். பிறகு துணியால் பிடித்து, இடப்பக்கத்து வால்வை வலப்பக்கமும் வலப்பக்கத்து வால்வை இடப்பக்கமும் மாற்றிச் செருகினேன். சிவப்பு மறுபடி இடப்பக்கமே வந்தால் கோளாறு ஆம்பில். வால்வோடு நகர்ந்தால் வால்வில்.

வலப்பக்கம் சிவந்தது. ஒரு தடவை பார்த்ததை வைத்து நான் எந்தப் போர்டுக்கும் தீர்ப்பு எழுதியதில்லை. ஆறவைத்து, பழையபடி மாற்றி, மறுபடி பார்த்தேன். சிவப்பு இடப்பக்கம் திரும்பி வந்தது.

“வால்வுதான் அண்ணா. டிரான்ஸ்ஃபார்மர் நல்லா இருக்கு.”

மூன்று மாதம் முன்பு கழற்றிய ஜோடி அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. கெட்டுப்போய்க் கழற்றவில்லை, பழசாகிவிட்டதே என்று கழற்றியது. போய் எடுத்துவந்தார். இரண்டும் ஒரே அளவு மின்சாரம் இழுக்க வேண்டும் என்பதால் ஜோடியாகவே மாட்டினேன். மீட்டரை வைத்து அளந்து, உள்ளிருந்த சின்னத் திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். அளக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஷாக் அடித்தால் நெஞ்சு வழியாகப் பாயக்கூடாது என்று நாங்கள் பழகிய பழக்கம். அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஜாக்கிரதை சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஒன்றரை மணி நேரம் வாசித்தார். தகடு சாம்பல்நிறமாகவே இருந்தது. அப்போதே இரண்டாவது கடைக்காரருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். யார் செக் பண்ணியது என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கும் கேட்டது.

“என் தங்கச்சி. டெஸ்ட் இன்ஜினியர்.”

நான் இன்ஜினியர் இல்லை. டிப்ளமா படித்தவள், என் அடையாள அட்டையில் டெக்னீஷியன் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் நான் திருத்தவில்லை.

மறுநாள் ஆராதனையில் எல்லாரும் பாட்டைக் கேட்டார்கள். நான் பாட்டுக்கு அடியில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டுவரை இல்லை. பிறகு சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் பாடகர் குழுவிடம் என்னைக் காட்டிக் கதையைத் தொடங்கினார். பாதியை அவர் தப்பாகச் சொன்னதால் நானே எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். கொஞ்சம்கூடச் சுருக்கவில்லை.