பத்து நாள் என்று சொல்லிவிட்டு வந்தவர்

பள்ளியில் மூன்றாவது பாடம் முடிந்து லொக்கரைத் திறந்துகொண்டிருந்தபோது அம்மாவின் செய்தி வந்தது. அம்மா வழக்கமாக முற்றுப்புள்ளியே வைக்காமல் நீளமாக எழுதுபவர். அன்று வந்த இறப்புச் செய்தி ஒரே வரிதான். "கிம் அன்ரி மோசம் போயிட்டா." நான் வேதியியல் வகுப்புக்குப் போகவில்லை. நூலகத்தின் கடைசி மேசையில் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பகுதியில் வசிக்கும் பலர் கிம் அன்ரியைக் கண்டதில்லை. ஆனால் தேவன் அண்ணையின் ரேக்அவுட் சாப்பாட்டுக் கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் அவர் கைப்பட்டதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். பதினொரு வருடங்களாக அந்தக் கடையின் ரோல்ஸைச் சுற்றியவர் வடகொரியாவில் பிறந்த ஒரு பெண் என்பது பலருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையில் அவருடைய முழுப்பெயரும் ஊரும் வராது. கிம் என்ற குடும்பப் பெயர் அங்கே ஏராளமானவர்களுக்கு உண்டு என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

என் அம்மாவும் அதே சமையலறையில் வேலை செய்கிறார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்ததும் அப்பா என்னைக் கடையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். நான் பின்னறையில் மா மூட்டையின்மேல் இருந்து வாசிப்பேன். அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு நாள், முட்டைக் கரைசல் ஒட்டிய கையோடு ஒருவர் வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை வாசிக்கிறீர்? படம் ஒண்டும் இல்லையே. பிறகு என்னத்துக்கு உது?"

முகம் கொரிய முகம். தமிழ் அச்சாக எங்கள் வீட்டுத் தமிழ். நான் வாயைத் திறந்தபடி பார்த்தேன்.

அவருடைய தமிழ் முழுவதும் அந்தச் சமையலறையில் கற்றது. மரியாதையான சொற்களை அம்மாவிடமும், ஏச்சுகளைத் தேவன் அண்ணையிடமும் கற்றிருந்தார். ஆகவே இரண்டும் சேர்ந்தே வரும். "அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ, தயவுசெய்து" என்று அவர் முதலாளியைப் பார்த்துச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், "கிம் எண்டால் உங்கடை தலைவருக்குச் சொந்தமோ?" என்று பகிடியாகக் கேட்டாராம். "ஓம், நெருங்கின சொந்தம். அதுதான் எங்களுக்குச் சோறு அனுப்ப மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு அவர் ரோல்ஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாராம்.

அவர் தம் கதையை ஒரே தடவையில் சொன்னதில்லை. சில வருடங்களில் துண்டு துண்டாகக் கேட்டதை நான் கோத்துச் சொல்கிறேன்.

அவருடைய ஊர் சீன எல்லையில், ஓர் ஆற்றின் கரையில் இருந்தது. கணவர் சுரங்க விபத்தில் இறந்துவிட்டார். ஒரே மகள். வேறு ஊருக்குப் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும்; யார் வீட்டில் யார் தங்கினார்கள் என்று அறிக்கை கொடுக்க ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். பசி தாங்க முடியாமல் அவர் ஒரு குளிர்காலத்தில் உறைந்த ஆற்றைத் தனியாகக் கடந்தார். அக்கரையில் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் மறியல், அதாவது சிறை. அங்கே என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை. இடது கைச் சின்னவிரல் ஏன் மடங்காது என்று கேட்டபோது, "மறியலிலை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த குளிர்காலத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு வர ஏற்பாடு செய்தார். புறப்பட வேண்டிய நாளில் ஆறு வயது மகளுக்கு இருமல். வழிகாட்டி மறுத்துவிட்டார். பனியில் ஒரு இருமல் கேட்டால் காவலர்கள் எல்லோரையும் சுடுவார்கள். கிம் அன்ரியின் பெயர் ஏற்கனவே காவலர்களின் பட்டியலில் இருந்தது. தங்கியிருந்தால் மீண்டும் மறியல்.

"பத்து நாள் எண்டு சொன்னனான் பிள்ளை. தங்கச்சியிட்டை விட்டிட்டு, பத்து நாளிலை வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டனான். மகள் கையிலை விரலை எண்ணிக் காட்டினவ. பத்து."

தங்கை தன் வீட்டைக் காப்பாற்றுவதற்காக, அக்கா ஆற்றில் விழுந்து இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தார். சீனாவில் நான்கு வருடம் ஒளிந்திருந்து, காடு வழியாகத் தாய்லாந்துக்கு நடந்து, அங்கிருந்து தென்கொரியா போய், கடைசியில் ரொறன்ரோ வந்து சேர்ந்தார் கிம் அன்ரி.

எங்கள் கடையில் எல்லோருமே ஏதோ ஒரு வழியால் ஓடி வந்தவர்கள்தான். தேவன் அண்ணை ஒன்றரை வருடம் நாலு நாட்டில் நின்று வந்தவர். தேநீர் நேரத்தில் தங்களைக் களவாக எல்லை தாண்டவைத்த ஏஜென்சிக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படி ஒரு நாள் அம்மா, "எங்கடை ஆக்களும் பிள்ளையளை விட்டிட்டு வந்து பிறகு கூப்பிட்டவைதானே. உங்கடை மகளும் வருவா" என்றார். கிம் அன்ரி சொன்னார்: "அக்கா, உங்களுக்குச் சண்டை இருந்தது. கதவும் இருந்தது. எங்களுக்குச் சண்டை இல்லை. கதவும் இல்லை." அதன்பின் அம்மா அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

வருடத்தில் இரண்டு மூன்று தடவை மகளிடமிருந்து அழைப்பு வரும். சீனத் தொலைபேசியைக் களவாக வைத்திருக்கும் ஒருவருடன், சீனத் தொடர்பு கிடைக்கும் மலைக்கு அந்தப் பெண் ஏற வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினால் கருவி வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களாம். எங்களுக்குச் சனிக்கிழமை மாலையாக இருக்கும்போது அங்கே ஞாயிறு காலை. கடையில் அதுதான் மிகவும் நெருக்கமான நேரம். நான் இருந்த ஒரு மாலையில் அந்த அழைப்பு வந்தது. தேவன் அண்ணை உடனே புகைபோக்கி மின்விசிறியை நிறுத்தினார். கொத்து ரொட்டி அடிப்பவரின் கையைப் பிடித்தார். வரிசையில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, கொத்து முடிஞ்சுதோ?" என்று சத்தம் போட்டார்.

"முடியேல்லை. ஐஞ்சு நிமிசம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. ஒரு பிள்ளை கதைக்குது."

கடை முழுவதும் அமைதியாக நின்றது. கிம் அன்ரி கொரிய மொழியில் மெல்லப் பேசினார். பிறகு என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "என்ன சாப்பிட்டனி எண்டு கேட்டனான். சோளம் எண்டவ. நீங்கள் எண்டு கேட்டவ. நானும் சோளம் எண்டனான்."

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வழிகாட்டி கிடைத்தார். குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் மகளை அக்கரை சேர்ப்பதாகச் சொன்னார். கிம் அன்ரி அப்படிச் சிரித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. மகளுக்கென்று ஒரு தடித்த ஜக்கெற் வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். அப்போது மகளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினாலு. ஒவ்வொன்றாக எனக்குப் போட்டுப் பார்த்தார்.

"அவவுக்குப் பெரிசா இருக்காதோ அன்ரி? நான் சின்னப் பிள்ளை."

"உம்மடை அளவுதான் இருப்பா. அங்கை பிள்ளையள் வளராது."

இனி நான் எழுதுவதை எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி உண்மையாக இராது.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் தமிழ் வகுப்புகளுக்கிடையே பேச்சுப் போட்டி நடந்தது. தலைப்பு 'நான் போற்றும் மனிதர்'. எல்லோரும் தாத்தாவையும் தலைவர்களையும் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்து, நான் கிம் அன்ரியைப் பற்றி எழுதினேன். விவரங்கள் இருந்தால்தான் பேச்சு நெஞ்சில் நிற்கும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். ஊரின் பெயர், ஆற்றின் பெயர், தங்கையின் பெயர், இந்தக் குளிர்காலத்தில் மகள் வரப்போகிறார் என்ற செய்தி, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து பேசினேன். முதற்பரிசு கிடைத்தது. வழக்கம்போல ஒளிப்பதிவு இணையத்தில் ஏறியது. தேவன் அண்ணை பெருமை தாங்காமல் அதைக் கடையின் பக்கத்திலும் போட்டு, ஏப்ரனுடன் கிம் அன்ரி நிற்கும் படத்தையும் முழுப்பெயரையும் சேர்த்து, 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று எழுதினார். எங்கள் ஆட்கள் நூற்றுக்கணக்கில் வாழ்த்தினார்கள்.

மறுநாள் அம்மா அதைக் கிம் அன்ரியிடம் காட்டினார். அவர் கையிலிருந்த ரோல்ஸ் தட்டைக் கீழே வைத்தார். என்னைத் தேடி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பிள்ளை, உதை எடுக்கேலுமோ? இப்ப. இப்பவே."

ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். தேவன் அண்ணை, "அவங்களுக்குத் தமிழ் விளங்கவே போகுது? பயப்பிடாதேங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் தமக்கே சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஆற்றில் இறந்ததாகப் பதிவான ஒருவரின் படத்துக்கும் பெயருக்கும் மொழி தேவையில்லை.

தை மாதத்தில் வழிகாட்டி அழைத்து, புதிய முட்கம்பி வேலி போட்டுவிட்டார்கள், இந்த வருடம் முடியாது என்றார். மாசியில் அவருடைய எண் வேலை செய்யவில்லை. அதன்பின் மகளிடமிருந்தும் அழைப்பு இல்லை. வேலிதான் காரணமோ, என் பேச்சுத்தான் காரணமோ, இரண்டுமோ, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. அந்த நாட்டில் கேள்வி கேட்டு எழுதக்கூடிய முகவரி எதுவும் இல்லை. கிம் அன்ரி முயன்றார். எல்லை வழியாக வந்தவர்களைத் தேடித் தேடிக் கேட்டார். தங்கை வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் கிடைத்தது.

நான் அவர்முன் நின்று அழுதபோது அவர் எனக்கு ஒரு ரோல்ஸ் கொண்டுவந்து தந்தார். "சாப்பிடும். அங்கையிருந்து வந்த ஆக்கள் ஊர்ப் பேரைச் சொல்லமாட்டினம். நீர் இஞ்சை பிறந்தனீர். ஆரும் உமக்குச் சொல்லித் தரேல்லை. நானும் சொல்லேல்லை." பிறகு, "உம்மாலை எண்டு நான் சொல்லமாட்டன். உம்மாலை இல்லை எண்டும் எனக்குத் தெரியேல்லை" என்றார். என்னிடம் அதுவரை யாரும் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை. அதன்பிறகும் சனிக்கிழமைகளில் என்ன வாசிக்கிறேன் என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

கடந்த கோடையில் வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். வைத்தியர் தந்த நாட்களை அவர் பெரிதாக எடுக்கவில்லை. மருத்துவமனையில் அம்மா இரவும் பகலும் கூடவே இருந்தார். கடைசி வாரம் நான் போனபோது கிம் அன்ரி தமிழை விட்டுவிட்டார். கொரிய மொழியில் மட்டும் பேசினார். எங்களில் யாருக்கும் அது விளங்கவில்லை. தேவன் அண்ணை ஒரு கொரியத் தாதியைத் தேடிப் பிடித்து வந்தார். அவர் கட்டிலருகே குனிந்து கேட்டுவிட்டு, "எண்களைச் சொல்கிறார். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இறந்த அடுத்த நாள் தேவன் அண்ணை மரண அறிவித்தல் எழுத என்னைக் கூப்பிட்டார். எங்கள் வழக்கப்படி அதில் எல்லாம் இருக்க வேண்டும்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்னாரின் மகளும், இன்னாரின் பாசமிகு தாயாரும், ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அவர்கள் இருக்கும் நாடும். நாங்கள் ஒன்றையும் எழுதவில்லை. படம்கூடப் போடவில்லை. 'ஸ்காபரோவை வதிவிடமாகக் கொண்ட கிம் அன்ரி' என்று ஒரு வரியும் கிரியை நேரமும் மட்டும். "உப்பிடி ஒரு அறிவித்தலை நான் என்ரை வாழ்க்கையிலை காணேல்லை" என்றார் தேவன் அண்ணை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நேற்று மயானத்தில் நாங்கள் பதின்மூன்று பேர் நின்றோம். பெட்டியைத் தகன உலைக்குள் வைத்த பின், இங்கே வழக்கமாகச் செய்வதுபோல, எரியூட்டும் பொத்தானை அமர்த்துவதற்குக் குடும்பத்தவர் ஒருவரை வரச் சொன்னார் அங்கு வேலை செய்பவர். அம்மா தேவன் அண்ணையைப் பார்த்தார். தேவன் அண்ணை தலையை ஆட்டினார்.

"நான் அமத்தமாட்டன். பிள்ளை ஒண்டு உயிரோடை இருக்கேக்கை நாங்கள் ஆர் அமத்த?"

"பிள்ளை வராது அண்ணை," என்றார் அம்மா.

"வராதுதான். எண்டாலும் நான் மாட்டன்."

அம்மாவும் போகவில்லை. வேறு யாரும் அசையவில்லை. அந்த மனிதர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தாமே போய் அமர்த்தினார்.

சென்று வாருங்கள், கிம் அன்ரி. உங்கள் மகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்ல எங்களிடம் வழியில்லை.