கட்டை என் கழுத்தோடு நிற்கட்டும்

1991-ல் நான் ஒன்பதாம் வகுப்பு. படப்பை பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஹாஸ்டலில் என்னைச் சேர்த்திருந்தார்கள். எங்கள் கிராமமான வடக்குப்பட்டிலிருந்து அங்கே போன ஒரே பெண் நான்தான். பெருமையாகத்தான் போனேன். "இன்னா", "வூடு" என்று வாய் திறந்தாலே சிரிப்பார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

அந்த ஹாஸ்டலில் ஒரு வழக்கம். கயிறு கோத்த ஒரு மரக்கட்டை இருக்கும். தமிழ் பேசி மாட்டிக்கொள்பவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கழற்ற ஒரே வழி, தமிழ் பேசும் இன்னொருத்தியைப் பிடித்து அவள் கழுத்தில் மாட்டுவதுதான். ராத்திரி சாப்பாட்டு மணி அடிக்கும்போது யாரிடம் கட்டை இருக்கிறதோ, அவள்தான் அத்தனை பேர் தட்டையும் கழுவ வேண்டும். அதனால் அங்கே யாருக்கும் யாரும் சிநேகிதி இல்லை. ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பார்க்க வந்தார். அம்மாவிடம் இங்கிலீஷிலா பேச முடியும்? அவர் கொண்டுவந்த வேர்க்கடலை உருண்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தேன். என் பக்கத்துக் கட்டில்காரி பின்னால் வந்து, அம்மாவின் கண்ணெதிரே கட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டு ஓடினாள்.

"இன்னாடி இது? ஓடற மாட்டுக்குக் கட்டை கட்ற மாதிரி கட்டிட்டுப் போறா?" என்றார் அம்மா.

அம்மா போன பிறகு கட்டையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இதை இனி யார் கழுத்திலும் மாட்ட மாட்டேன் என்று முடிவு செய்தேன். என்ன செய்துவிடுவார்கள், தட்டுதானே கழுவ வேண்டும்?

தினமும் கழுவினேன். விரலெல்லாம் எரிந்தது. ஆனால் கட்டை என்னிடமே நின்றுவிட்டதால் மற்றவர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. அதுவரை வாயே திறக்காத திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, "ஏட்டி, இந்தச் சாம்பார்ல உப்பே இல்ல, பாத்துக்க" என்றாள். மொத்த சாப்பாட்டு அறையும் சிரித்தது, அவளும்தான்.

வார்டன் சிஸ்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நாளைக்குள் கட்டை கை மாறாவிட்டால் அப்பாவை வரவழைத்து டி.சி. கொடுத்துவிடுவேன் என்றார். ஊரெல்லாம் பெருமையடித்திருந்த அப்பா எந்த முகத்தோடு வந்து நிற்பார்? ஆனாலும் சொன்னேன்.

"யாரையும் புடிச்சுக் குடுக்க மாட்டேன் சிஸ்டர்."

அதையும் தமிழில்தான் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்துக் கட்டில்காரி என் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னிக்கு ஃபுல்லா நான் தமிழ்தான் பேசினேன். குடு."

நான் யோசிப்பதற்குள் அவளே கட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் திருநெல்வேலிக்காரி கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்புறம் அது முறை வைத்துச் சுற்றியது. யாரிடம் இருந்தாலும் தட்டுக் கழுவ நாலு பேர் கூட உட்கார்ந்தோம். சிஸ்டர் சொன்னபடி கட்டை கை மாறிக்கொண்டுதானே இருந்தது, அவர் என்ன சொல்வார்? கொஞ்ச நாளில் அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார்.

இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்டுக்கு வரும் பெண்களின் பேச்சை யாராவது கேலி செய்தால், வேண்டுமென்றே என் வடக்குப்பட்டுத் தமிழில் சத்தமாகப் பேசுவேன். எனக்கு மாட்டிய அவமானத்தை அடுத்தவள் கழுத்துக்குத் தள்ளாமல் நின்றதால்தான் என் பக்கத்தில் உட்கார அன்றைக்கு நாலு பேர் வந்தார்கள். இன்றைக்கும் நான் அப்படித்தான் நிற்கிறேன்.