ஆடுகிற பேரிங்

எங்கள் வகுப்பில் லாரி வைத்திருக்கும் அப்பாக்கள் ஏகப்பட்ட பேர். நாமக்கல்லில் அது ஒரு பெருமையே இல்லை. பைக் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிற அம்மா எனக்கு மட்டும்தான் இருந்தாள். அப்பா மண் மைதானப் பந்தயங்களில் ஓட்டுவார்; இன்ஜின் முழுக்க அம்மாவின் கைவேலை. ஐந்தாம் வகுப்பு முழுக்க இதையே சொல்லிச் சொல்லி எல்லோரையும் படுத்தி எடுத்தேன்.

முந்தைய வருடம் பந்தயத்தின் நடுவே இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. தூக்கி எறியப்பட்ட அப்பா தோள் எலும்பு முறிந்து படுத்த படுக்கையானார். பிரித்துப் பார்த்தால், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. அது பெரியப்பா பார்த்து வாங்கிக் கொடுத்தது.

இந்த முறை அம்மாவே சேலம் போய் வாங்கி வந்தாள். பெரியப்பா லாரி இன்ஜினிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். எந்தப் பேரிங்கானாலும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வராவிட்டால் நல்ல சரக்கு, வந்தால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். அவருடைய சாஸ்திரம் அவ்வளவுதான். இது லொடலொடவென்று ஆடியது.

“ஏன் அம்முணி, புதுசே இப்படி ஆடுது. இதப் போட்டு என்ற தம்பிய மறுக்கா மண்ணுல உழுக வெக்கோணுமா?”

“கேட்டு வாங்குனதுதானுங்க மாமா. இன்ஜின் கேஸுக்குள்ள உக்காரும்போது கொஞ்சம் இறுகும். அது சுத்தற சுத்துக்குச் சூடேறுனா இன்னும் இறுகும். இப்பவே இறுக்கமா இருந்தா, அப்பறம் சுத்தறதுக்கு எடம் எங்கீங்க?”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார்.

“ஓட்டறதுதானுங்கண்ணா நானு. இன்ஜின் அவளுது” என்று சொல்லிவிட்டு அப்பா டீ குடிக்கப் போய்விட்டார். அன்று பெரியப்பா எங்கள் வீட்டில் சாப்பிடாமல் கிளம்பினார். கறிக்குழம்பு வைத்திருந்த நாள் அது. அப்படியானால் விஷயம் பெரிது என்பது எனக்கும் புரிந்தது.

பேரிங் சுருங்குவதற்காக, இட்லி மாவுக்கு மேலே, ஃப்ரீசருக்குள் உறைந்து கிடந்தது. பேரிங் உட்காரும் கிராங்க் கேஸ் சூட்டில் விரியட்டுமென்று அம்மா அதைத் தோசைக்கல்லின் மேல் வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். தோசைக்குப் பார்ப்பது போலவே தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். சுர்ரென்றதும் பேரிங்கை எடுத்து உள்ளே போட்டாள். சுத்தியல் தொடாமலே டொக்கென்று போய் உட்கார்ந்தது. எல்லாம் ஆறிய பிறகு விரலால் சுற்றிப் பார்த்தாள். பாதி ஆட்டம் அடங்கியிருந்தது. மீதி ஆட்டத்தை அவள் சூட்டுக்கென்று விட்டு வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் சொன்னபோது தோசைக்கல்லை யாரும் நம்பவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பந்தயம் எருமப்பட்டிப் பக்கம் ஒரு தரிசுக்காட்டில் நடந்தது. பெரியப்பாவும் வந்திருந்தார். முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை அவர்தான் வைத்தார். கொடி இறங்கியதும் இன்ஜின் போட்ட கூச்சலில் என் காது அடைத்துப்போனது. எல்லோரும் கயிற்றுக்கு மேல் எட்டி எட்டிப் பார்க்க, அம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இவ்வளவு பாடுபட்டுவிட்டு, ஓடுவதைப் பார்க்காமல் நிற்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பைக் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் அவள் தலை மட்டும் லேசாகச் சாய்ந்தது.

அப்பா இரண்டாவதாக வந்தார். பெரியப்பா ஓடிப்போய், நின்றபடி உறுமிக்கொண்டிருந்த இன்ஜின் பக்கம் குனிந்து வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, யாரும் கேட்காமலே, “எங்க ஊட்டுப் புள்ள பூட்டுன இன்ஜினுங்க” என்று சுற்றியிருந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவைக் கூட்டிவரத் திரும்பி ஓடினேன். அவள் செம்மண்ணில் உட்கார்ந்து, முகத்தை முந்தானையில் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

“அழுவாதம்மா. அடுத்த வருசம் நாமதான் மொதல்ல வருவோம்” என்றேன். அவள் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

முதல் பரிசு போய்விட்டதென்று எங்கள் அம்மா அப்படி அழுதாள் என வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.