எள்ளும் தண்ணீரும் விட நீஸுக்குப் போனோம்

நாட்டை விட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் லா சப்பலில் கடல் இல்லை. மற்ற எல்லாம் இருக்கிறது. முருங்கைக்காய் வாங்கலாம், தர்ப்பைப் புல் வாங்கலாம். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் கடைக்காரர் தரும் கலண்டரில் அமாவாசைக் கறுப்பு வட்டத்தைக் கண்டுபிடிக்க ஒருவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாட்டில் சண்டை முடிந்த வருடக் கடைசியில் என் மனுசன் மோசம் போனார். தகப்பன் இல்லாதவன் ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுகி எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். மூன்று ஆடியாக மகன் குளியலறையில் ஷவருக்குக் கீழே நின்றுதான் முழுகினான். அவனையும் குறை சொல்ல முடியாது. இருபது வயதில் வள்ளம் கவிழ்ந்து தப்பியவன். பிறகு கடலில் இறங்கியதே இல்லை.

நாலாம் வருடம் லீவுக்கு, தெற்கே கடற்கரைப் பட்டணமான நீஸில் இருக்கும் மருமகளின் தமக்கை வீட்டுக்குப் போனோம். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது.

அந்தக் கடலின் நீலத்தை நான் முன்பு கண்டதில்லை. கரையோரம் இளம் பச்சை, தள்ளி மயில் கழுத்து, அதற்கும் அப்பால் நீலக்கல். மணல் இல்லை. அம்மிக்குழவியைச் சின்னச் சின்னதாகச் செய்து கொட்டியதுபோல் சாம்பல் நிறக் கற்கள். அலை திரும்பும்போது அவை உருண்டு கலகலக்கும். அந்தச் சத்தத்துக்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் இரண்டு அடி வைத்தால் ஆழம். மகன் பின்வாங்கினான்.

"கரையில நிண்டு காலை நனைச்சால் காணாதோ அம்மா?"

"ஏன், அவர் உன்ரை காலுக்கு மட்டுமே அப்பர்?"

மறுநாள் பக்கத்து வில்பிரான்ஷுக்கு ரயிலில் போனோம். மலையடியில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக வீடுகள். நடுவில் கடல், குடத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பார்க்கப் பார்க்க அலுக்காது. மகன் மட்டும் தூரத்தில் நின்ற பெரிய கப்பலைக் காட்டினான்.

"அது நிக்குதெண்டால் எவ்வளவு ஆழம் பாருங்கோ."

அமாவாசையன்று காலையில், பச்சைத் தண்ணீரும் குடிக்காமல், அந்தீப் என்ற ஊர்ப் பக்கம் போனோம். அங்கே மணல் வறுத்த அரிசிமா மாதிரி. மகன் எள்ளுப் பொட்டலத்தோடு கரையில் நின்றான். நான் சேலையோடு இறங்கினேன்.

"மாமி, எல்லாரும் உங்களைத்தான் பாக்கினம்" என்றாள் மருமகள்.

"பாக்கட்டும். நானும் அவையைத்தான் பாக்கிறன்."

எவ்வளவு தூரம் நடந்தும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. குனிந்தால் கால்விரல் பத்தையும் எண்ணலாம். அவ்வளவு தெளிவு.

"வந்து பார். என்ரை கால் தெரியுது."

வந்தான். என் கையை நோகப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு முழுகினான். இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் எழும்பியவனின் கண் சிவந்திருந்தது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்துவிட்டான் போல.

"அடி முழுக்கத் தெரியுது அம்மா."

தகப்பன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டான். சின்ன மீன்கள் எள்ளைச் சுற்றி வந்தன. அதைப் பார்க்கக் குனிந்தபோது என் கையை விட்டுவிட்டான்.

நான் கரையேறிச் சேலையைப் பிழிந்தேன். மருமகள் விரதச் சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். "வா தம்பி, சாப்பிடுவம்" என்று கூப்பிட்டேன். கழுத்துவரை நனையத் தண்ணீரில் குந்திக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் என்று கையைக் காட்டினான்.