பலகாரம் சோற்றில் சேராது

கர்ப்பிணிக்குச் சர்க்கரை வியாதி வரும் என்று அறுபதுகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. "அது வயசானவங்களுக்கு வர்றதாச்சே, வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு எப்படி வரும்" என்று என்னையே கேட்டார்கள். எனக்கு மட்டும் தெரியுமா என்ன? வந்து தொலைத்தது. வந்ததுகூடப் பெரிதில்லை. நான் திருட்டுத்தனமாக இனிப்புத் தின்றுதான் அது போகாமல் இருக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டினார்களே, அதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அது எனக்கு இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை இறந்தே பிறந்தது. கொழுகொழுவென்று அத்தனை பெரிய பிள்ளை, அழவே இல்லை. பார்க்க வந்தவர்கள் அதன் பருமனைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள். வயிற்றில் இருந்தபோதே கண் பட்டுவிட்டது என்றார் என் மாமியார். இரண்டாவது முறை உண்டானதும் சிதம்பரத்தில் இருந்த என் அக்கா கையோடு அங்கே ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் விசாரித்தார், ரத்தமும் சிறுநீரும் சோதித்தார். பிறகு பூசி மெழுகாமல் சொன்னார்.

"போன குழந்தை போனதுக்கும் இதான் காரணமா இருக்கும். இந்தக் குழந்தை உசுரோட வேணும்னா வாயைக் கட்டணும். இனிப்பு வேணாம். சோறு மத்தியானம் மட்டும், ஒரு கரண்டி. காலையிலயும் ராத்திரியும் சோறு தொடக் கூடாது."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு ரயிலேறினேன்.

என் கணவர் கடலூர் கோர்ட்டில் குமாஸ்தா. எதையும் ஒழுங்காகச் செய்கிற மனுஷர். டாக்டர் எழுதிக் கொடுத்த நீல மருந்தையும் கண்ணாடிக் குழாயையும் ஸ்பிரிட் விளக்கையும் அன்றைக்கே வாங்கி வந்துவிட்டார். குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரில் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறினால் சர்க்கரை இருக்கிறது. செங்கல் நிறம் வந்தால் மிகவும் ஜாஸ்தி. "அடுப்படிப் பக்கம் அதைக் கொண்டாந்தா நான் வூட்ட விட்டே போயிடுவேன்" என்றார் என் மாமியார். ஆகவே தினமும் காலையில் என் கணவர் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் மூத்திரத்தைக் கொதிக்க வைப்பார். அடுத்த வீட்டுக்காரி தண்ணீர் இறைக்கிற சாக்கில் வேடிக்கை பார்ப்பாள். எனக்கு மானம் போகும்.

ஒரு நாளாவது நீலம் வரவேண்டுமே. வராது. செங்கல், செங்கல், தப்பித்தவறி ஆரஞ்சு.

"உண்மையைச் சொல்லு. என்னா தின்ன?" என்பார் அவர், கூண்டில் நிற்கிறவனைக் கேட்கிற மாதிரி.

"ஒண்ணும் தின்னல."

"அப்ப இது எங்கேர்ந்து வருது?"

அதுதான் எனக்கும் தெரியவில்லையே. காபியில் சர்க்கரை இல்லை. திருவந்திபுரம் கோயிலிலிருந்து யாரோ கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றி அப்படியே திருப்பிக் கொடுத்தவள் நான். ஆனாலும் சர்க்கரை டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. மாமியார் பக்கத்தில் வந்து பேசுகிற சாக்கில் என் வாயை மோந்து பார்ப்பார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வரும். உள்ளே பிள்ளை உதைக்கும்போதெல்லாம் இதுவாவது தங்குமா தங்காதா என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். இதில் திருட்டுப் பட்டம் வேறு.

ஏழாம் மாதம் சிதம்பரத்துக்குப் போனபோது மாமியாரும் கூட வந்தார். டாக்டரிடம் என்னைப் போட்டுக் கொடுக்கத்தான் வந்தார், வேறு எதற்கு. டாக்டர் அம்மாளும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு என்னிடம் சிடுசிடுத்தார்.

"சொன்னபடி இருக்கியா இல்லையாம்மா நீ?"

"சோத்தைத் தொடவே இல்ல டாக்டர். மத்தியானம் ஒரு கரண்டி, அவ்வளவுதான்."

அதுவரை என்னைக் காட்டிக் கொடுக்க வந்திருந்த மாமியாருக்கு அந்த இடத்தில் ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் சமைப்பது அவரல்லவா.

"அதுல எந்தக் குத்தமும் சொல்ல முடியாதும்மா. நீங்க சொன்னதுலேர்ந்து காலையில சோறு கெடையாது, ராத்திரி சோறு கெடையாது. சனிக்கெழம ஒருபொழுது இருக்கிற மாதிரி வெறும் பலகாரந்தான். காலையில இட்லி குடுக்கிறேன். ராத்திரிக்கு தோசை, இல்லன்னா அரிசி உப்புமா. சோறு இல்லாம சோந்து போயிடுவான்னு சாயந்தரத்துல ஒரு தட்டு இடியாப்பம். ரெண்டு உசுராச்சே. பசின்னு சொல்ற அன்னிக்கி இட்லிய ரெண்டு ஜாஸ்தியா வச்சிடுவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இட்லி எதுலம்மா செய்றீங்க?"

"அரிசியும் உளுந்தும் போட்டுத்தான்."

"தோசை?"

"அதே மாவுதான்."

"இடியாப்பம்?"

மாமியார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது சோறு இல்லீங்களேம்மா" என்றார் மெல்ல. "விரதத்துக்கே திங்கறோமே. சாமியே ஒத்துக்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை நாளும் கொல்லையில் மூத்திரம் காய்ச்சி, பீரோவைப் பூட்டி, வாயை மோந்து, கடைசியில் பார்த்தால் மூன்று வேளையும் தட்டில் அரிசியை வைத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நானும் மகராசியாக வாங்கி வாங்கித் தின்றிருக்கிறேன். என் பிறந்த வீட்டிலும் கிருத்திகை விரதத்துக்கு அப்படித்தானே. பஸ் புவனகிரி தாண்டுகிற வரைக்கும் நான் மாமியார் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு வார்த்தை மட்டும் கேட்டார். "போன தடவ மொத மாசத்துலேர்ந்து பலகாரமா செஞ்சு குடுத்தனே. நானே கொன்னுட்டனா?"

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "சும்மா வாங்க அத்தை" என்றேன்.

அதன் பிறகு வேறு விதமான இம்சை ஆரம்பித்தது. அரிசி என்ற பேச்சையே அவர் எடுக்க விடவில்லை. முருங்கைக்கீரை, மோர், முட்டை, துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிற மீன், கேழ்வரகில் தட்டுகிற ஒரே ஓர் அடை. இன்னொன்று கேட்டால் முறைப்பார். டாக்டர் அனுமதித்த ஒரு கரண்டிச் சோற்றையும் அரைக் கரண்டியாக்கினார். "டாக்டரு சொன்னதத்தான் கேக்கறேன்" என்று நான் கத்தினால், "அவங்களுக்கு என்னா தெரியும்" என்பார். பசியில் எனக்குச் சுவரைக் கடிக்கலாம் போல இருக்கும். ஆனால் ஒரு நாள் காலையில் கொல்லையிலிருந்து என் கணவர் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். நீலம். மாமியார் அடுப்படியில் வைத்தே அதை வாங்கிப் பார்த்தார்.

வளைகாப்புக்கு வழக்கப்படி புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் செய்து வந்தவர்களுக்குப் பரிமாறினார்கள். எனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் கீரையும் இரண்டு அவித்த முட்டையும். தெருப் பெண்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். ஆசைப்பட்டதைத் தராவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்றாள் ஒருத்தி.

"வடியட்டும், தொடைச்சி விட்டுக்கறேன்" என்றார் மாமியார். "மொதல்ல புள்ள இருக்கணும். அப்பறந்தான் காது."



நாள் நெருங்குவதற்கு முன்னாலேயே டாக்டர் என்னைச் சிதம்பரத்துக்கு வரவழைத்துப் படுக்க வைத்தார். ஒரு நாள் மயக்க மருந்து கொடுத்து ஆயுதம் போட்டு எடுத்தார்கள். நான் கண்ணை விழித்தபோது பக்கத்துத் தொட்டிலில் ஒரு பெண் குழந்தை. போன குழந்தையில் பாதிகூட இல்லை. சத்தமில்லாமல் கிடந்தது. கையும் காலும் மட்டும் வெடவெடவென்று நடுங்கின. மாமியார் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

டாக்டர் வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். "வயித்துக்குள்ள அம்மாவோட சர்க்கரை வந்துக்கிட்டே இருந்துது. இப்ப அது நின்னுபோச்சு. அதனால இதுக்குச் சர்க்கரை கொறஞ்சிருக்கு. குளுக்கோஸ் தண்ணி குடுங்க, ஒடனே."

நர்சு கலக்கிச் சங்கில் ஊற்றி மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் சங்கைத் தொட்டிலிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"சர்க்கரையா?" என்றார். "வேணாம்மா. சர்க்கரை ஆவாது. ஒரு தடவ பட்டது போதும்."

"அத்தை, குடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தையலெல்லாம் இழுக்க எழுந்து உட்கார்ந்து இன்னொரு முறை கத்தினேன். "குடுங்க அத்தை."

அவர் சங்கைச் சாய்த்தார். முதல் வாய் குழந்தையின் கழுத்தில் வழிந்தது. அடுத்தது உள்ளே போனது. சின்னத் தொண்டை ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சங்கு காலியானது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். நடுக்கம் மெல்ல அடங்கியது. பிறகு குழந்தை முகத்தைச் சுருக்கி, வாயைக் கோணி, வீல் என்று அழுதது. நிறுத்தாமல் அழுதது.

சமாதானப்படுத்த நர்சு கையை நீட்டினாள். மாமியார் அவள் கையைத் தடுத்தார்.

"அழட்டும் உடும்மா. நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கறோம்."