வியாழக்கிழமைப் பிணம்

வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அவர் செத்துப்போவார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைப்பார். மூக்குக்கண்ணாடியை மடித்து அதற்குள் செருகுவார். சிவப்பு மையைத் தானே நெற்றியில் ஊற்றிக்கொண்டு, ஒரு காலை மடக்கி, ஒரு கையை நீட்டித் தரையில் கிடப்பார். தடய அறிவியல் முதுகலை வகுப்பில் கொலை நடந்த வீடு மாதிரி ஓர் அறை ஜோடித்திருந்தார்கள். அதில் கிடத்த ரப்பர் பொம்மை ஒன்றும் உண்டு. ஆனால் அதற்குக் கழுத்து நிற்காது. அதனால் ஆய்வக உதவியாளரான அவரே பதினேழு வருடமாகப் பிணம். மாணவர்களுக்கு அவர் ‘பாடி அண்ணன்’.

அந்த வகுப்பில் புதிதாகச் சேர்ந்த அவன் அவரை முதலில் சந்தித்ததும் அப்படித்தான். அவன் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். “எம்புள்ள குத்தம் கண்டுபிடிக்கப் படிக்கிறான்” என்று ஊரில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அவன் அம்மா சொல்லிவைத்திருந்தாள். முதல் செய்முறை வகுப்பில் அந்தக் குற்றம் கண்டுபிடிக்கிறவன் நடுங்கிக்கொண்டே மண்டியிட்டு, பிணத்தின் மணிக்கட்டைத் தொட்டான்.

“கை ஐஸா இருக்கு தம்பி. தேச்சுட்டுத் தொடு” என்றது பிணம், உதடு அசையாமல்.

அவன் திடுக்கிட்டுப் பின்னால் சரிந்து, ரத்தக்கறை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

“போச்சு. இனி கொலைகாரன் நீதான்.”

தரையிலேயே கிடப்பதால் அவருக்கு ஆட்களை முகத்தைவிடச் செருப்பால்தான் தெரியும். வகுப்பு முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து மையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வார்: “நீல ஷூ போட்ட பொண்ணு தலைமுடியை மிதிச்சிருச்சு. பிஞ்ச செருப்பு, நீ கதவுப் பிடியில கையை வெச்ச.” தும்மல் வந்தால் விழுங்கிக்கொள்வார். ஒருமுறை காதுக்குள் எறும்பு போய் நாற்பது நிமிடம் அசையாமல் கிடந்ததாகக் கேள்வி.

அவர் பேச்சில் பாதி மனைவி பேச்சுதான். மை போகாத சட்டையைத் துவைத்தபடி அந்த அம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாளாம்: “வாரா வாரம் என்னை விதவையாக்கிட்டு, சோத்துக்கு மட்டும் கரெக்டா வந்து உக்காந்துருவாரு.” இதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

அவனுடைய இறுதிச் செய்முறைத் தேர்வு வந்தபோது அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இதயத்தில் ஏதோ வால்வு. தேர்வன்று காலை டீ குடிக்கும்போது அவரே சொன்னார்: “ரெண்டு மணிக்குத்தான் ஆபரேஷன். பன்னெண்டுக்குள்ள செத்து முடிச்சிட்டா பஸ்ஸப் புடிச்சிருவேன்.”

“லீவு போட்டிருக்கலாம்ல அண்ணே?”

“பொம்மையை வெச்சு எழுதுவீங்களா? வெளியூர்க்காரர் முன்னாடி கழுத்து கழண்டுச்சுன்னா யாருக்கு மானம் போகும்?” சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். “போன் கையோட இருக்கு. பொண்ணு அங்க இருக்கா.”

வெளித்தேர்வாளர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிணம் அசைந்தால் குழுவுக்குத் தேர்வு ரத்து என்பது விதி. பதினொன்று நாற்பத்திரண்டுக்குச் சட்டைப்பையில் போன் அடித்தது.

காலையில் கேட்டதெல்லாம் அவன் தலையிலிருந்து பறந்துவிட்டது. இது தேர்வாளர் வைத்த பொறி என்றுதான் தோன்றியது. நீட்டிய கையில் ஒரு விரல் அசைந்தது. அவன் குனிந்து காதோரம் முணுமுணுத்தான்: “அசையாதீங்கண்ணே. எல்லாம் கெட்டுரும்.”

விரல் நின்றது.

அவன் நேரத்தையும், எத்தனை விநாடி அடித்தது என்பதையும் எழுதினான், படம் எடுத்தான், இடுக்கியால் போனை எடுத்து உறையில் போட்டு ஒட்டிக் கையெழுத்திட்டான். உறைக்குள் அது இன்னும் இரண்டு முறை அடித்தது. அதையும் எழுதினான். தேர்வாளர் தலையாட்டினார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவனுக்கு. எதிர்பாராத தடயத்தைக் கையாண்ட விதத்துக்கென்று தனியாக ஒரு வரியும் எழுதியிருந்தார்கள்.

மணியடித்ததும் அவர் எழுந்து, அவன் போட்ட கையெழுத்தைக் கிழித்துப் போனை எடுத்தார். வேறொருவர் ஆபரேஷன் தள்ளிப்போனதால் அந்த அம்மாளை முன்கூட்டியே அழைத்துவிட்டார்கள். உள்ளே போகுமுன் அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றிருக்கிறாள். நெற்றியில் மையோடு அவர் பஸ்ஸுக்கு ஓடினார். மயக்கம் தெளியாமலே மறுநாள் அவள் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவன் அவர் வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு வாசலிலேயே தீர்ந்துபோயிற்று.

“நான்தாண்ணே கவர்ல போட்டேன்.”

“சரியாத்தான் போட்ட. செத்தவன் பையில இருந்தது தடயந்தானே.” அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். “கூப்பிட்ட மணி போன்ல இருக்கு. எவ்ளோ நேரம் அடிச்சுதுன்னு இல்ல. நீ எழுதினல்ல?”

ரஃப் நோட்டு பையில்தான் இருந்தது. அவன் எடுத்துப் படித்தான்.

“மொதல்ல நாப்பத்திரெண்டு செகண்டு.”

“ம்.”

“அடுத்து நாப்பது.”

“ம்.”

“கடைசி... ஒம்போது.”

அவர் நிமிர்ந்தார். “ஒம்போதா?” உள்ளே திரும்பி மகளிடம் கேட்டார். “கடைசித் தடவை அம்மாவா போட்டா?”

உள்ளேயிருந்து, “ஆமாப்பா. எங்கிட்டேருந்து புடுங்கிட்டா” என்று குரல் வந்தது.

“அதானே. அவளுக்கு அவ்ளோதான் பொறுமை” என்றார்.

அவன் இப்போது வேறோர் ஊரில் தடய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். அவர் அதே துறையில்தான் இருக்கிறார்; ஓய்வுபெற நான்கு வருடம் பாக்கி. வியாழக்கிழமை பத்து மணிக்குத் தரையில் படுத்துக்கொள்கிறார். வராந்தாவில் யார் போனாவது அடித்தால் பிணம் கண்ணைத் திறக்கிறது. அது அடித்து ஓயும்வரை கூரையைப் பார்த்துக் கிடந்துவிட்டு, மூடிக்கொள்கிறது.